பீப்பாயின் முகத்தில் எட்டுக் கோடுகள்

பத்தொன்பது வயதில் இஷ்பெல் மெக்கெரல் தனக்கு இடமில்லாத ஒரு வரிசையில் போய் நின்றாள்.

கேம்பல்டவுன் ஊரின் ஆர்ட்கெரன் விஸ்கி வடிசாலையில் அந்த நாட்களில் வேலை தொடங்கும்போது ஒன்று, மத்தியானம் ஒன்று, சங்கு ஊதி வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று என ஆளுக்கு மூன்று குவளை விஸ்கி ஊற்றிக் கொடுப்பார்கள். ஆள் என்றால் ஆண். பாட்டில் நிரப்பும் கூடத்தில் இருந்த நாற்பது பெண்களுக்குத் தேநீர். அதையும் அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

இஷ்பெலுக்கு அப்போது விஸ்கி வாடையே ஆகாது. ஆனால் சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கம் போனபோது, "அந்த மூணு குவளையும் சம்பளத்துல சேர்ந்ததுதானே" என்று நிர்வாகம் பதில் சொன்னது அவள் காதுக்கு வந்திருந்தது. சம்பளத்தில் சேர்ந்தது என்றால், அவளுடைய சம்பளத்தில் அது எங்கே? இந்த ஒரு கேள்வியோடு வரிசையில் நின்றாள். மேஸ்திரி அவளுக்கு முன்னால் நின்றவனுக்கு ஊற்றினார். அடுத்த குவளையை அவள் தோளுக்கு மேலாக நீட்டிப் பின்னால் நின்றவனிடம் கொடுத்தார். அவள் நகரவில்லை. மறுநாளும் வந்து நின்றாள். இருபத்து மூன்று வேலைநாள் நின்றாள். இருபத்து நான்காம் நாள் மேஸ்திரிக்கே அலுத்துப்போய்க் குவளையை அவள் கையில் திணித்தார். அவள் நேராகக் கழுவுதொட்டிக்குப் போய், எல்லோரும் பார்க்க, அதைக் கொட்டினாள்.

"கொட்டறதுக்கா இத்தனை நாள் நின்ன?" என்று கத்தினார் மேஸ்திரி.

"வேணுமா வேணாமான்னு நான்தான் சொல்லணும். அதுக்குத்தான் நின்னேன்."

அந்த ஊரில் திருடனை மன்னிப்பார்கள். விஸ்கியை வடிகாலில் விட்டவளை மன்னிக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் அவளுக்குப் பின்னால் பதினோரு பெண்கள் நின்றார்கள்.

பாட்டில் கூடத்தைக் கிளாஸ்கோ பக்கம் மாற்றியபோது பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இஷ்பெல் கிடங்கில் வேலை கேட்டாள். பீப்பாய் உருட்டுவது பெண் உடம்புக்கு ஆகாது என்றார்கள். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை ஒரு பிள்ளையும் பெறாதவர்கள் முடிவு செய்ய வேண்டாம் என்று சொல்லி உருட்டிக் காட்டினாள். பதினாறு வருடம் அங்கே வேலை பார்த்தாள். மண் தரை, கல் சுவர், மூன்று அடுக்குப் பீப்பாய், வருடம் முழுக்கக் கடற்காற்றின் ஈரம். அந்த இருட்டில் அவள் கற்ற வித்தைகளில் ஒன்று தட்டிப் பார்ப்பது. படுத்திருக்கும் பீப்பாயின் வட்ட முகத்தில் சின்ன மரச்சுத்தியலால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தால், சரக்கு இருக்கும் மட்டும் சத்தம் மந்தமாக இருக்கும். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று மாறி, வெற்றுக்கூடுபோல் ஒலிக்கும். அதுதான் உள்ளே சரக்கின் மட்டம். திறக்க வேண்டியதில்லை. காது போதும்.

அவள் கணவன் மால்கம் கிளாஸ்கோ பஸ் ஓட்டியவன். கலகலப்பானவன், விஸ்கியை ரசித்துக் குடிப்பவன், அளவு தெரிந்தவன். சனிக்கிழமை மாலை கசாப்புக்காரர் வைலியின் கடைப் பின்னறையில் ஆறு பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு முறை ஒரு பாட்டில் கொண்டுவந்து, ஊற்றி, முகர்ந்து, சண்டை போடுவார்கள். அந்த ஆறு பேர்தான் 1998இல் சேர்ந்து ஒரு பீப்பாய் வாங்கினார்கள். மால்கம் போட்ட பங்கில் பாதி அவன் பஸ் ஓட்டிய காசு, பாதி இஷ்பெல் பீப்பாய் உருட்டிய காசு. பத்திரத்தில் மட்டும் அவன் பெயர்.

முழுப் பீப்பாய்க்குக் கை எட்டவில்லை. கால் பீப்பாய் வாங்கினார்கள், நூற்றிருபத்தைந்து லிட்டர். இஷ்பெல் அப்போதே மால்கமிடம் சொன்னாள்.

"சின்னப் பீப்பாய்ல மரத்தோட ருசி சீக்கிரம் ஏறும், சரக்கு சீக்கிரம் ஆவியாப் போகும். எட்டு வருஷம், மிஞ்சினா பத்து. அதுக்குள்ள எடுத்துடச் சொல்லு."

மால்கம் போய்ச் சொன்னான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சமயம் பக்கத்துத் தெருக் கும்பல் ஒன்று தங்கள் பீப்பாயைப் பிறந்தநாளுக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை என்று 'ருசி பார்த்தே' தீர்த்துவிட்டு, கடைசியில் ஒன்பது பாட்டிலோடு ஊரே சிரிக்க நின்றது. அந்த அவமானம் தங்களுக்கு வரக்கூடாது என்று கில்பர்ட் கால்வில் ஒரு விதி எழுதினார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரில் பாதிப்பேருக்கு இன்றும் சார். விதி இது: இருபத்தொரு வருடம் முடியும் வரை தக்கையை யாரும் எடுக்கக்கூடாது. இதை மாற்ற வேண்டுமானால் கையெழுத்திட்ட ஆறு பேரும் மறுபடி கையெழுத்திட வேண்டும். ஒருவர் இறந்தால் அவர் பங்குப் பாட்டில்கள் குடும்பத்துக்குப் போகும். கருத்துச் சொல்லும் உரிமை அவரோடு போகும்.

இப்படித்தான் சின்னப் பீப்பாயை வாங்கி, அதற்குப் பெரிய பீப்பாயின் வயதை விதித்தார்கள்.

2007இல் மால்கம் இறந்தான். மறுவருடம் மே மாதம், பீப்பாயைப் பார்க்கப் போகும் வருடாந்தரச் சடங்குக்கு இஷ்பெலையும் அழைத்தார்கள். மரியாதைக்காக. சடங்கு என்றால் இதுதான்: வரிசையாக நின்று பீப்பாயின் மேல் கை வைப்பார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள், வேறு எதையோ குடிப்பார்கள். இஷ்பெல் கைப்பையிலிருந்து மரச்சுத்தியலை எடுத்தாள். தட்டினாள். சத்தம் மாறிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வருடத்தைக் குறித்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாதிரியார் ஃபுல்லர்ட்டன் மட்டும் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஒவ்வொரு மே மாதமும் ஒரு கோடு. ஒவ்வொன்றும் முந்தியதற்குக் கீழே. ஆறாவது கோடு வரை இடைவெளி ஏறக்குறைய ஒரு விரற்கடை. ஏழாவது கோடு இரண்டு விரல் இறங்கியது. அந்த வருடமே கால்வில்லிடம் சொன்னாள். தேவதைகள் எடுத்துக்கொள்ளும் பங்கு அது, என்றார் அவர். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அழகான பேச்சு. ஆனால் அழகான பேச்சை வைத்து ஓட்டையை அடைக்க முடியாது. தேவதைகளுக்குத் தாகம் எடுக்கும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பலகை இற்றுப்போனால் ஒழுகும் என்பதைத் தினம் தினம் நிரூபிக்கலாம்.

2015 மே மாதச் சனிக்கிழமை எட்டாவது கோடு போட வந்தாள். அப்போது அவளுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் வலிக்கும், காது மட்டும் பழையபடி. குனிந்து, கீழிருந்து தட்ட ஆரம்பித்தாள். மந்தம், மந்தம், மந்தம். பாதிகூட வரவில்லை. சத்தம் வெற்றுக்கூடாகிவிட்டது. மறுபடி தட்டினாள். இடப்பக்கம் தட்டினாள், வலப்பக்கம் தட்டினாள். கோட்டைப் போட்டாள். முந்தின வருடக் கோட்டுக்கும் இதற்கும் நடுவில் நான்கு விரல் தாராளமாக நுழைந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் கால்வில். எண்பத்தொரு வயதிலும் நிமிர்ந்து நிற்பவர். கையில் தொப்பி. "மால்கமுக்கு இந்த வருஷக் கோடும் போட்டாச்சு. பாவம், மறக்கவே மாட்டேங்கிற."

இஷ்பெல் நிமிர்ந்தாள். "மால்கமுக்கா?"

"அவன் போனதுலேர்ந்து வருஷத்துக்கு ஒண்ணு. நாங்க கவனிச்சுட்டுத்தான் இருக்கோம். ஒரு தடவை பிரசங்கத்துலகூட ஐயா இதைச் சொன்னார்."

பாதிரியார் தரையைப் பார்த்தார். அது உண்மைதான். நினைவின் கோடுகள் என்று சொல்லி ஒரு ஞாயிறு முழுவதையும் ஓட்டியிருந்தார்.

"மால்கமுக்கு நான் எதுக்குக் கோடு போடணும்? அவன் என்ன ஜெயில்லயா இருக்கான், நாளை எண்ணிக்கிட்டு?" என்றாள் இஷ்பெல். "இது சரக்கு மட்டம்! எட்டு வருஷமா உங்க கண்ணு முன்னாடி எழுதிட்டு வரேன். பீப்பாய் ஒழுகுது!"

இறால் படகு வைத்திருக்கும் டூகல்ட்தான் முதலில் சிரித்தவன். கும்பலில் அவன்தான் இளையவன், ஐம்பது வயது. "அடக் கடவுளே. நான் வருஷா வருஷம் அந்தக் கோட்டைப் பாத்துக் கண்ணு கலங்கிட்டு இருந்தேன், தாயே."

"கலங்கின தண்ணியை உள்ளே விட்டிருந்தா மட்டமாவது ஏறியிருக்கும்."

யாரும் தொப்பியைப் போட்டுக்கொள்ளாமலேயே வைலியின் பின்னறைக்குப் போனார்கள். கொக்கிகளில் ஆட்டுத்தொடை தொங்கும் கூடத்தைத் தாண்டி, நான்கு நாற்காலியும் ஒரு மேசையும் உள்ள அறை. கும்பலில் மீதம் நான்கு பேர்: கால்வில், வைலி, பாதிரியார், டூகல்ட். ஐந்தாமவர் மகளோடு கனடா போய்விட்டார். ஆறாமவன் மால்கம். இஷ்பெலுக்கு வைலி ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"மட்டம் குறைஞ்சா பாட்டில் குறையும். அவ்வளவுதானே?" என்றார் வைலி.

"அவ்வளவு இல்ல. உள்ள காத்து அதிகமாக அதிகமாக வீரியமும் சீக்கிரம் இறங்கும். அறுபத்து மூணரை சதவீதத்துல நிரப்பினது. நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா சட்டப்படி அது விஸ்கியே இல்ல. விஸ்கின்னு அதும் மேல எழுத முடியாது. பதினேழு வருஷம் காத்திருந்து மரத்தண்ணி குடிக்கப் போறோம்."

"நாப்பதுக்குக் கீழ போயிருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கால்வில்.

"தெரியாது. அதனாலதான் திறந்து அளக்கணும்கிறேன்."

"விதி இருக்கும்மா."

"தெரியும்."

"ஆறு கையெழுத்து வேணும். கனடாவுக்கு எழுதிக் கேக்கலாம். ஆனா மால்கம்..."

"மால்கம் கல்லறைல இருக்கான். அவன் கையெழுத்து வேணும். நான் இங்க நிக்கறேன். என் கையெழுத்து வேணாம். அப்படித்தானே?" அவள் குரல் ஏறவில்லை. "செத்தவன் எழுந்து வந்தாத்தான் மாத்த முடியும்னு ஒரு விதி எழுதியிருக்கீங்க, சார். இதை விதின்னு சொல்றதுக்கு நீங்க வெக்கப்படணும்."

கால்வில் மேசை இழுப்பறையைத் திறந்தார். கயிறு கட்டிய ஒரு காகிதக் கட்டு. பிரித்துக் காட்டினார். பாட்டிலில் ஒட்டும் சீட்டுகள். தங்க நிறத்தில் கரை, நடுவே துறைமுகத்தின் படம், அடியில் பெரிய எழுத்தில்: இருபத்தொரு ஆண்டு. இன்னும் நாலு வருடம் இருக்கும்போதே அச்சடித்து வைத்திருக்கிறார்.

"என் பையன் நியூசிலாந்துலேர்ந்து வரேன்னிருக்கான். அந்த வருஷம்" என்றார். "எனக்கு அப்போ எண்பத்தஞ்சு."

இஷ்பெலுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதற்காக விட்டுக்கொடுக்கும் எண்ணம் வரவில்லை. இரண்டும் வேறு வேறு.

"சார், உங்க வகுப்புல நான் உக்காந்திருக்கேன். பதினாலு வயசு. கணக்குல விடை சரியாத்தான் போட்டேன். வழிமுறை எழுதலைன்னு தோல்வாரால உள்ளங்கைல ரெண்டு அடி அடிச்சீங்க. விடை போதாது, எப்படி வந்துதுன்னு காட்டணும்னீங்க." கைப்பையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்தாள். "இதோ காட்டியிருக்கேன். எட்டு வருஷம், எட்டு அளவு. இப்போ நீங்க பாக்கணும். பாக்காம இருக்கறது முறை இல்ல."

கால்வில் நோட்டை வாங்கினார். பிரிக்கவில்லை. "யோசிக்கறேன்" என்றார்.

"தேவதைங்க பங்குன்னு ஒண்ணு இருக்குல்ல..." என்று வைலி இழுத்தார்.

"யோவ் வைலி" என்றார் பாதிரியார், அந்த மாலையில் முதன்முறையாக வாய் திறந்து. "தேவதைகளைப் பத்திப் பேசறதுதான் என் பிழைப்பு. அதுங்க விஸ்கி குடிக்குதுன்னு வேதத்துல எந்த அதிகாரத்திலயும் எழுதியில்ல. அந்தம்மா சொல்றதைக் கேளுங்க."

"ஐயா, நீங்க பிரசங்கம் வேற பண்ணிட்டீங்க" என்றான் டூகல்ட்.

"அதைத் திருத்தி இன்னொரு பிரசங்கம் பண்ணிடறேன். ஞாயித்துக்கிழமைக்கா பஞ்சம்?"

யோசிக்கிறேன் என்பது அந்த ஊரில் 'முடியாது' என்பதன் மரியாதையான வடிவம். இஷ்பெல் அதை நன்றாக அறிவாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிடங்கு வாசலில் நின்றாள்.

கிடங்குப் பொறுப்பாளர் மெக்மர்ச்சி அவளோடு ஒரே குழுவில் பீப்பாய் உருட்டியவர். இப்போது சாவிக்கொத்து, மேசை, தொலைபேசி. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"உன் காதை நான் நம்பறேன், இஷ்பெல். ஆனா கணக்கு கால்வில் பேர்ல இருக்கு. அவர் எழுதிக் கொடுக்காம தக்கையை எடுத்தேன்னா என் வேலை போயிடும்."

"நீ எடுக்க வேணாம். எனக்காக நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்று ஒரு தாளை மேசையில் வைத்தாள். "இந்த எண்ணுள்ள பீப்பாய் ஒழுகுதுன்னு சந்தேகப்படறேன். தேதி போட்டு, அளவு போட்டு எழுதியிருக்கேன். கடுதாசி கிடைச்சுதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. அது போதும்."

மெக்மர்ச்சி தாளைத் தொடவில்லை. சூடான தட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் அரசாங்கத்துக்கு வரி பாக்கி இருக்கிறது. சரக்கு வெளியே போகும்போதுதான் வரி. நியாயமாக ஆவியானதைக் கலால் துறை மன்னிக்கும். ஒழுகுவது தெரிந்தும் சும்மா இருந்தால் மன்னிக்காது. காணாமல்போன சரக்கின் வரி கிடங்கின் தலையில் விழும். ஒரு விதவையின் பேச்சை ஒதுக்கலாம். கையெழுத்தோடு தேதியிட்ட காகிதத்தை ஒதுக்க முடியாது.

"இதுக்கு பதிலா உன் சுத்தியலால என் மண்டையில ஒண்ணு போட்டிருக்கலாம்" என்றார்.

"தட்டிப் பாத்துருப்பேன். மட்டம் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிருக்கும்."

அவர் சிரித்தபடியே கையெழுத்திட்டார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எல்லோரும் கிடங்கில் நின்றார்கள். சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு அளப்பது வழக்கம். மெக்மர்ச்சி அழைத்திருந்த பட்டியலில் இஷ்பெல் பெயர் இல்லை. புகார் கொடுத்தவள் என்ற முறையில் அவளாக வந்தாள். முதலில் பீப்பாயைத் தாங்கும் மரச்சட்டத்திலிருந்து நகர்த்தினார்கள். பின்பக்கத்துக் கீழ்ப்பலகையில் ஒரு கறுப்புத் தழும்பு, ஒட்டும் பாகுபோல. அதற்கு நேர் கீழே மண் தரை இரண்டு கைப்பிடி அகலத்துக்கு இருண்டு கிடந்தது. சொட்டிய ஒவ்வொரு சொட்டையும் மண் சத்தமில்லாமல் குடித்திருந்தது.

டூகல்ட் குனிந்து அந்த மண்ணைக் கிள்ளி முகர்ந்தான். "இதோ இருக்கு நம்ம தேவதை. மண்புழுவா பொறந்திருக்கு."

மெக்மர்ச்சி தக்கையைத் தளர்த்தி எடுத்தார். அளவுகோலை இறக்கித் தூக்கி ஈரத்தின் விளிம்பைப் பார்த்தார். நீண்ட செம்புக் குழாயை உள்ளே விட்டு, மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துச் சரக்கை எடுத்தார். கண்ணாடி உருளையில் ஊற்றினார். தேக்கின் நிறத்துக்கும் மேலே, கிட்டத்தட்டக் காபியின் நிறம். அதில் வீரியம் காட்டும் மிதவையைப் போட்டார். மிதவை குதித்தது, ஆடியது, நின்றது. வெப்பத்தைப் பார்த்தார், அட்டவணையில் விரலை ஓட்டினார்.

இஷ்பெல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். நாற்பதுக்குக் கீழே என்று அவர் வாயில் வந்துவிட்டால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகும். அந்தச் சரி அவளுக்கு வேண்டாம். மால்கமும் அவளும் வாங்கியது விஸ்கி. அவள் கேட்பது விஸ்கி.

"நாப்பது புள்ளி ஒன்பது" என்றார் மெக்மர்ச்சி. "நாப்பத்தாறு லிட்டர்."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். நூற்றிருபத்தைந்து நாற்பத்தாறாகியிருந்தது.

"இப்படியே விட்டா எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார் கால்வில்.

"இந்த ஓட்டைல ஒரு குளிர்காலம். வேற நல்ல பீப்பாய்க்கு மாத்தினாலும் ரெண்டு. இருபத்தொண்ணுக்கு வாய்ப்பே இல்ல, சார்."

கால்வில் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். இஷ்பெலின் பள்ளி நோட்டு வெளியே வந்தது. பிரித்தார். எட்டு அளவுகளுக்குக் கீழே, பென்சிலால், அவரே ஒரு வளைகோடு வரைந்திருந்தார். அதன் முனையில் கேள்விக்குறியோடு வீரியத்தின் எண்: நாற்பத்தொன்று.

"திங்கட்கிழமை ராத்திரியே போட்டுப் பாத்துட்டேன்" என்றார். "செவ்வாய்க்கிழமையே உனக்குப் போன் பண்ணியிருக்கணும். பண்ணல."

"ஏன் சார் பண்ணல?"

"அச்சடிச்சுட்டேனே."

உலகத்தில் பாதி அநியாயம் இப்படித்தான் நிற்கிறது, அச்சடித்துவிட்ட காரணத்தால்.

மெக்மர்ச்சி பெட்டியொன்றின் மேல் படிவத்தை விரித்தார். பாட்டிலில் அடைக்க ஒப்புதல். விதிப்படி ஆறு கையெழுத்து. கனடாவிலிருந்து ஒரு வரியில் சம்மதம் வந்திருந்தது. கால்வில் கையெழுத்திட்டார். வைலி, பாதிரியார், டூகல்ட். ஒரு கோடு காலியாக நின்றது. அதன் பக்கத்தில் தட்டச்சில் மால்கம் மெக்கெரல்.

"இவளை மால்கமுக்குப் பதிலாப் போடச் சொல்லலாம்" என்றார் வைலி.

"பதிலா எல்லாம் போட மாட்டேன்" என்றாள் இஷ்பெல். "முதல்ல அந்த விதியை எடுங்க. செத்தா குரல் போயிடும்கிற விதி. அது எனக்கு மட்டும் இல்ல. வைலி, நீ போனா உன் பொண்டாட்டியும் இதே மரப்பெட்டி மேலதான் உக்காருவா. நாளைக்கு வேற பீப்பாய் வாங்குவீங்க, வாங்காம இருக்க மாட்டீங்க. அதுலயும் இதையே எழுதுவீங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க. என் பேரை நான் எழுதறேன்."

"இல்லைன்னா?" என்றான் டூகல்ட், வேண்டுமென்றே.

"இல்லைன்னா இங்கயே நிப்பேன். நிக்கறதுல எனக்குப் பழக்கம் உண்டு."

பாதிரியார் இருமலில் சிரிப்பை மறைத்தார். கால்வில் பேனாவை மறுபடி திறந்து, படிவத்தின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதினார். பழைய பள்ளிக்கூடக் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. இறந்தவரின் பங்கு யாருக்குப் போகிறதோ, குரலும் அவருக்கே போகும். நால்வரும் கீழே கையெழுத்திட்டார்கள். பிறகு படிவத்தைத் திருப்பி, மால்கம் என்ற தட்டச்சின் மேல் ஒரு கோடு இழுத்து, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் வழிமுறை காட்டுவதுபோல நிதானமாக முழுப்பெயரையும் எழுதினாள்: இஷ்பெல் ஜேனட் மெக்கெரல்.

மூன்று வாரம் கழித்து அறுபத்தைந்து பாட்டில் வந்தது. பங்குக்குப் பத்து, மிஞ்சிய ஐந்தில் ஒன்று நியூசிலாந்துக்குப் போயிற்று, மற்றவை பின்னறை மேசைக்கு. புதுச் சீட்டு அச்சடிக்கலாம் என்றார் கால்வில். வேண்டாம் என்றாள் இஷ்பெல். தங்கக்கரைச் சீட்டு ஒவ்வொன்றிலும் இருபத்தொன்றைக் கறுப்பு மையால் அடித்து, பக்கத்தில் பதினேழு என்று கையால் எழுதினார்கள். ஐந்து பேரும் ஆளுக்குப் பதின்மூன்று வீதம், கால்வில்லும்தான். தப்பை மறைத்தால் அடுத்த கும்பலும் சின்னப் பீப்பாய்க்குப் பெரிய வயது வைக்கும்; அடித்துத் திருத்தியது கண்ணில் படட்டும் என்பது அவள் கட்சி.

சனிக்கிழமை பின்னறையில் முதல் பாட்டிலைத் திறந்தார்கள். ஐந்தாவது நாற்காலி வந்திருந்தது, மரப்பெட்டியைக் காணோம். கையெழுத்து வரிசைப்படி கால்வில் ஊற்றிக்கொண்டே வந்தார். தனக்கு, வைலிக்கு, பாதிரியாருக்கு, டூகல்ட்டுக்கு. ஐந்தாவதாக இஷ்பெலின் கண்ணாடிக் குவளையில் ஊற்றிவிட்டு, பாட்டிலை நிமிர்த்தி நின்றார்.

அவள் குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பாட்டில் கூடத்துப் பழக்கம். முகர்ந்தாள். எழுந்தாள். அறை மூலையில் வைலி கத்தி கழுவும் தொட்டி இருந்தது.

"அம்மா தாயே, கொட்டிடாத" என்று அலறினான் டூகல்ட். "மிச்சமே அவ்வளவுதான்!"

"தண்ணி பிடிக்கப் போறேன்டா, மடையா." குழாயைத் திறந்து இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் கால்வில்.

"மரம் ரொம்ப ஏறிடுச்சு. ஏழு வருஷம் முன்னாடி எடுத்திருக்கணும்" என்றாள் இஷ்பெல். இன்னொரு வாய் குடித்தாள். "ஆனா விஸ்கிதான்."